க்ளாஸ் 5 (ஈறோரக் குழி) காம்போசிட் ஃபில்லிங் முழுசாகக் கழன்று வருகிறது, பாண்டை (ஒட்டும் பிசினை) மாற்றணுமா?

கேள்வி:
மேல் பிரீமோலார்களில் (முன்கடைவாய்ப் பற்களில்) ஈறோரத் தேய்மானம், சொத்தை இல்லை. பேஷண்டுகள் 60 வயதைத் தாண்டியவர்கள். யுனிவர்சல் பாண்டை செல்ஃப் எட்ச் முறையில் (தனியாக ஆசிட் வைக்காமல்) ஒரு கோட் பூசி, உடனே பலமாகக் காற்றடித்து, 10 விநாடி லைட் காட்டுகிறேன். சில மாதங்களில் காம்போசிட் ஒரே துண்டாக விழுகிறது. அதே பாண்ட் மோலார் குழிகளில் நன்றாக நிற்கிறது.

பதில் 1:
மோலார் குழியில் சுவர்களும் சேர்ந்து பிடிக்கும் டாக்டர். இங்கே பாண்ட் மட்டும்தான். பாண்டுகளை பேஷண்டுகளிடம் சோதிக்கும் ஆய்வுகள் பெரும்பாலும் இந்தக் குழியை எடுத்துக்கொள்வதும் அதனால்தான்.

பாட்டிலை மாற்றுவதற்கு முன் பல்லை லூப்பில் (உருப்பெருக்கிக் கண்ணாடியில்) பாருங்கள். பிசின் படலமே இல்லாமல் டென்டின் (எனாமலுக்கு அடியில் உள்ள பல் பகுதி) மொட்டையாகத் தெரிந்தால், பிணைப்பு டென்டினில் விட்டிருக்கிறது. படலம் பல்லிலேயே தங்கியிருந்தால், காம்போசிட் வைக்கும் முன் எச்சிலோ ஈறு நீரோ பட்டிருக்கலாம்.

உங்கள் கேஸில் முதல் சந்தேகம் டென்டின்மேல்தான். இந்த வயதில் தேய்ந்த இடம் மஞ்சளாக, கண்ணாடிபோல் இறுகிக் கிடக்கும். டென்டினில் உள்ள நுண்குழாய்கள் (டியூப்யூல்கள்) தாதுவால் அடைத்திருக்கும். பிஎச் 2-3 உள்ள மைல்ட் (அமிலத்தன்மை குறைந்த) பாண்ட் அதற்குள் இறங்காது. டயமண்ட் பர்ரால் மேற்பரப்பை லேசாகச் சுரண்டுங்கள். எனாமல் விளிம்புக்கு மட்டும் 37% பாஸ்பாரிக் ஆசிட், 15 விநாடி, நன்றாகக் கழுவுங்கள். இதை விட்டால் விழாத ஃபில்லிங்கிலும் எனாமல் ஓரம் பழுப்புக் கோடு விழும்.

பிறகு பாண்ட். பூசினால் போதாது, மைக்ரோ பிரஷ்ஷால் 20 விநாடி அழுத்தித் தேய்க்கணும். காற்றை மெதுவாகத் தொடங்கி, திரவம் அலையாமல் நிற்கும் வரை, 5 விநாடிக்குக் குறையாமல் அடியுங்கள். எடுத்தவுடன் பலமாக அடித்தால் படலம் மெலிந்துவிடும். மெலிந்த படலத்தை ஆக்சிஜன் க்யூர் ஆக (இறுக) விடாது. காற்று போதாவிட்டால் தண்ணீரும் கரைப்பானும் உள்ளே தங்கிப் பிணைப்பைக் கெடுக்கும்.

பதில் 2:
லைட் முனையில் பழைய காம்போசிட் ஒட்டியிருக்கிறதா என்றும் பாருங்கள். பாண்டை டிஷ்ஷில் முன்கூட்டியே ஊற்றி வைக்காதீர்கள், கரைப்பான் பறந்துவிடும். ரப்பர் டேம் (எச்சில் படாமல் பல்லைத் தனிப்படுத்தும் ரப்பர் விரிப்பு) நிற்காத இடத்தில் ரிட்ராக்ஷன் கார்டாவது (ஈறை விலக்கும் நூலாவது) வேண்டும்.

கேள்வி கேட்டவர்:
கார்டு வைத்தும் ஈறோரம் கசிவு நிற்காவிட்டால்?

பதில் 1:
அங்கே காம்போசிட்டோடு மல்லுக்கட்ட வேண்டாம். ரெசின் கலந்த க்ளாஸ் அயனோமர் என்ற சிமெண்ட் போடுங்கள். க்ளாஸ் 5-ல் அது நன்றாக நிற்கும், பளபளப்புதான் கொஞ்சம் குறைவு. முதலில் 20% பாலிஅக்ரிலிக் ஆசிட் 10 விநாடி, கழுவி, டென்டின் ஈர மினுமினுப்போடு இருக்கும்போதே வையுங்கள். வறள விட்டால் இதுவும் விழும். வைக்கிற அந்த நிமிடத்துக்காவது ரத்தம் நின்றிருக்கணும். ஈறு வீங்கியிருந்தால் ஸ்கேலிங் செய்து ஒரு வாரம் கழித்துக் கூப்பிடுங்கள்.