சிறிய ஊரில் மூன்று நாள் புத்தகத் திருவிழா: எழுத்தாளர் சந்திப்பையும் குழந்தைகள் நிகழ்ச்சிகளையும் எப்படி அமைப்பது?

கேள்வி: கிளைநூலகத் தோழி

நண்பர்கள் அனைவருக்கும் வணக்கம். மயிலாடுதுறை மாவட்டத்தில் உள்ள ஒரு பேரூராட்சியின் கிளை நூலகத்தில் இயங்கும் வாசகர் வட்டத்தில் நான் உறுப்பினராக இருக்கிறேன். 2022-ஆம் ஆண்டு முதல் தமிழக அரசு மாவட்டந்தோறும் புத்தகத் திருவிழா நடத்திவருகிறது. ஆனால் எங்கள் ஊரிலிருந்து மாவட்டத் தலைநகருக்கு இரண்டு பேருந்து மாறிச் செல்ல வேண்டியிருப்பதால், கைக்குழந்தை உள்ள தாய்மார்களும் முதியவர்களும் அங்கே போவதே இல்லை. ஆகவே எங்கள் ஊரிலேயே சிறிய அளவில் மூன்று நாள் திருவிழா ஒன்றை நடத்த விரும்புகிறோம்.

சென்ற ஆண்டு ஒரே ஒரு நாள் முயன்று பார்த்தோம். அதில் எங்களுக்கு ஏற்பட்ட வருத்தத்தை மறைக்காமல் சொல்கிறேன். வெளியூரிலிருந்து ஓர் எழுத்தாளரை அழைத்திருந்தோம். வரவேற்புரை, முன்னிலை, வாழ்த்துரை, பதினொரு பேருக்குப் பொன்னாடை என்று இரவு எட்டு மணி ஆகிவிட்டது. அவர் பேச எழுந்தபோது முன்வரிசை ஜமக்காளத்தில் இருந்த குழந்தைகள் உறங்கிவிட்டார்கள், பெண்கள் கடைசிப் பேருந்துக்காக எழுந்து சென்றுவிட்டார்கள். காலையில் நடந்த ஓவியப் போட்டிக்கு நூற்றுக்கும் மேற்பட்ட பிள்ளைகள் வந்தார்கள். பரிசு வாங்கியவுடன், பக்கத்து அறையில் இருந்த புத்தகங்களை ஒருமுறைகூடத் தொட்டுப் பார்க்காமல் வீட்டுக்குப் போய்விட்டார்கள்.

இம்முறை அப்படி ஆகக் கூடாது. எந்த மாதத்தில் நடத்துவது நல்லது? எழுத்தாளர் நிகழ்ச்சியை வாசகர்கள் கலந்து பேசும் சந்திப்பாக மாற்றுவது எப்படி? குடும்பத்தோடு வருபவர்களைப் புத்தகத்தின் பக்கம் திருப்பும் நிகழ்ச்சிகள் எவை? அனுபவமுள்ளவர்கள் வழிகாட்ட வேண்டுகிறேன்.

பதில் 1: பவானிக்கரை

அம்மா, வணக்கம். ஈரோட்டில் மக்கள் சிந்தனைப் பேரவை 2005-ஆம் ஆண்டு தொடங்கி ஆகஸ்ட் மாதத்தில் நடத்திவரும் புத்தகத் திருவிழாவில் பல ஆண்டுகள் தன்னார்வலராகப் பணியாற்றியவன் என்ற முறையில் எழுதுகிறேன். அது பெரிய விழா. மாலைச் சொற்பொழிவைக் கேட்க ஆயிரக்கணக்கானவர்கள் வந்து அமர்வார்கள். அந்த அளவை நீங்கள் பின்பற்ற வேண்டியதில்லை. ஆனால் அங்கிருந்து ஒன்றை மட்டும் கட்டாயம் எடுத்துக்கொள்ளுங்கள், அதுதான் உண்டியல்.

பள்ளிப் பிள்ளைகளுக்கு முன்கூட்டியே உண்டியல் கொடுத்து, புத்தகம் வாங்குவதற்கென்றே ஆண்டு முழுவதும் சேமிக்கச் சொல்வது ஈரோட்டு வழக்கம். குறிப்பிட்ட தொகைக்குப் புத்தகம் வாங்கும் மாணவர்களுக்கு 'நூல் ஆர்வலர்' என்ற சான்றிதழும் தரப்படுவதுண்டு. இதனால் என்ன நடக்கிறது என்பதை நான் என் கண்ணால் பார்த்திருக்கிறேன். ஏழாம் வகுப்புப் படிக்கும் ஒரு சிறுமி மஞ்சள் பை நிறையச் சில்லறையோடு ஒரு கடைக்கு வந்தாள். மேஜையின் ஓரத்தில் நாணயங்களைப் பத்துப் பத்து ரூபாயாக அடுக்கினாள். அவள் எடுத்து வைத்திருந்த மூன்று புத்தகங்களுக்குப் பதினைந்து ரூபாய் குறைந்தது. உடன் வந்த தாய், கதைப் புத்தகத்தை வைத்துவிட்டுப் பொது அறிவுப் புத்தகத்தை எடுத்துக்கொள்ளும்படி சொன்னார். அந்தச் சிறுமி, "இது நான் சேர்த்த காசும்மா" என்று மெல்லச் சொல்லிவிட்டு, மூன்று புத்தகங்களின் பின்னட்டைகளையும் மறுபடி நின்று படித்து, பொது அறிவுப் புத்தகத்தைத் திருப்பி வைத்தாள். கடைக்காரர் பதினைந்து ரூபாயை விட்டுக்கொடுக்க முன்வந்தும் அவள் ஏற்கவில்லை.

தன் காசில் தானே தேர்ந்தெடுத்த புத்தகத்தை எந்தக் குழந்தையும் படிக்காமல் விடுவதில்லை. உங்கள் ஓவியப் போட்டிக்கு வந்த நூறு பிள்ளைகளிடம் அன்று பணமும் இல்லை, தேர்ந்தெடுக்கும் உரிமையும் இல்லை. விழாவுக்கு ஆறு மாதம் முன்பே, உங்கள் ஊர்ப் பள்ளிகளில் தலைமையாசிரியர்களின் ஒப்புதலோடு உண்டியல்களைக் கொடுத்துவிடுங்கள். சேமிக்க வழியில்லாத வீட்டுப் பிள்ளைகளும் இருப்பார்கள். அவர்களுக்கு நன்கொடையாளர்களின் பணத்தில் நூறு ரூபாய்க் கூப்பன் கொடுங்கள். எந்தப் பிள்ளை கூப்பனில் வாங்குகிறது என்பது மற்ற பிள்ளைகளுக்குத் தெரியாமல் பார்த்துக்கொள்வது உங்கள் பொறுப்பு.

பதில் 2: ஒன்பதாம் எண் அரங்கு

முப்பது ஆண்டுகளாகப் புத்தகக் கண்காட்சிகளில் கடை போட்டுவருகிறேன். தென்னிந்தியப் புத்தக விற்பனையாளர்கள், பதிப்பாளர்கள் சங்கமான பபாசி 1977-இல் தொடங்கிய சென்னைப் புத்தகக் காட்சியிலிருந்து கோயில் திருவிழா ஓரத்துக் கடை வரை பார்த்தாகிவிட்டது. மாதத்தைப் பற்றி முதலில் சொல்கிறேன்: ஆடி மாதத்தைத் தேர்ந்தெடுங்கள். நவம்பர் 14 முதல் 20 வரை தேசிய நூலக வாரம் வருகிறது என்று சிலர் உங்களிடம் சொல்வார்கள். டெல்டாவில் அது அடைமழைக் காலம், பந்தலில் ஒருமுறை நீர் ஒழுகினால் நனைந்த புத்தகத்தை எந்தப் பதிப்பகமும் திரும்ப எடுத்துக்கொள்ளாது. ஆடியில் முகூர்த்தம் இல்லாததால் திருமண மண்டபங்கள் பூட்டியே கிடக்கும். உரிமையாளரிடம் நல்ல முறையில் பேசினால் மின்கட்டணமும் துப்புரவுக் கூலியும் மட்டும் வாங்கிக்கொண்டு கொடுப்பவர்கள் உண்டு. மேற்கூரை, மின்விசிறி, கழிப்பறை, குடிநீர் நான்கும் ஒரே இடத்தில் கிடைத்துவிடுகின்றன. பெண்கள் குழந்தைகளோடு இரண்டு மணி நேரம் தங்குவதா, பத்து நிமிடத்தில் கிளம்புவதா என்பதை முடிவு செய்வது பெரும்பாலும் கழிப்பறைதான்.

மூன்று நாள் விழாவுக்குப் பதிப்பகங்களை நேரில் வரச் சொல்லாதீர்கள்; வண்டி வாடகையும் தங்கும் செலவும் அவர்களுக்குக் கட்டாது. அதற்குப் பதிலாக நூல்களை வரவழைத்து, விற்றதற்கு மட்டும் பணம் கொடுத்து, மீதியைத் திருப்பி அனுப்பும் முறையில் எட்டு அல்லது பத்துப் பதிப்பகங்களிடம் பேசுங்கள். பொதுவாக நூலின் விலையில் 25 முதல் 35 சதவீதம் வரை விற்பவருக்குக் கழிவாகக் கிடைக்கும். அதில் வழக்கமான 10 சதவீதத்தை வாசகருக்குத் தள்ளுபடியாகக் கொடுத்துவிட்டு, மீதியில் போக்குவரத்தையும் மண்டபச் செலவையும் பார்த்துக்கொள்ளலாம். அச்சிட்ட நூல்களுக்குச் சரக்கு மற்றும் சேவை வரி இல்லை என்பதால் கணக்கு எளிது. இருந்தாலும் பெட்டியைப் பிரிக்கும்போதே ஒவ்வொரு தலைப்பும் எத்தனை படிகள் என்று எழுதி, கையெழுத்திட்டு வைத்துக்கொள்ளுங்கள். ஓரிடத்தில் அதைச் செய்யாமல் விட்டு, திருப்பி அனுப்பும்போது ஒரு பெட்டியே கணக்கில் வராமல் போய், என் கைப்பணத்தைக் கட்டியிருக்கிறேன்.

சிறுவர் நூல்களில் 100 ரூபாய்க்குள் உள்ளவையே பெரும்பகுதியாக இருக்கட்டும். நேஷனல் புக் டிரஸ்ட், பாரதி புத்தகாலயத்தின் புக்ஸ் ஃபார் சில்ரன், தூளிகா, பிரதம் புக்ஸ் ஆகியவற்றின் படக்கதை நூல்களை வைத்தாலே ஒரு மேஜை நிறைந்துவிடும். உண்டியல் பிள்ளைகள் வரும் நாளில் கல்லாவில் ஒருவர் கூடுதலாக உட்காரட்டும், ஏனென்றால் சில்லறையை எண்ணுவதற்கு நேரம் பிடிக்கும்; பின்னால் நிற்பவர்கள் அவசரப்படுத்தினால் குழந்தை பயந்துபோய்க் கையில் கிடைத்ததை வாங்கிக்கொண்டு போய்விடும்.

பதில் 3: நான்காம் வகுப்பு

நான் அரசுத் தொடக்கப் பள்ளி ஆசிரியை. குழந்தைகள் நிகழ்ச்சி குறித்து மட்டும் எழுதுகிறேன். போட்டியையும் பரிசையும் முற்றிலும் விட்டுவிடுங்கள். போட்டிக்கு வரும் குழந்தை நடுவரின் முகத்தைப் பார்க்கிறது; கதை கேட்க வரும் குழந்தையின் பார்வை புத்தகத்தை விட்டு விலகுவதில்லை.

கதை சொல்பவர் கட்டாயம் புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டு, படங்களைக் குழந்தைகள் பக்கம் திருப்பிக் காட்டியே சொல்ல வேண்டும். முடிந்ததும் அதே புத்தகத்தின் பத்துப் படிகள் பக்கத்திலேயே இருக்க வேண்டும். பள்ளிக் கல்வித் துறையின் வாசிப்பு இயக்க நூல்கள் நுழை, நட, ஓடு, பற என நான்கு படிநிலைகளாக வந்திருக்கின்றன. அவற்றை உங்கள் பள்ளியிலிருந்து ஒரு நாள் இரவலாகப் பெற்று ஒரு மூலையில் பரப்பி வைத்தால், வாங்க இயலாத குழந்தையும் நாள் முழுவதும் அமர்ந்து படிக்கும்.

பெற்றோருக்கும் ஒரு வேலை கொடுங்கள். எங்கள் பள்ளி ஆண்டு விழாவில் பாட்டிமார்கள் ஐவரை அழைத்து, தாங்கள் சிறுவயதில் கேட்ட கதையைச் சொல்லச் செய்தோம். பேரப்பிள்ளைகள் அதைக் கேட்டு எழுதி, படம் வரைந்து, தைத்து, எட்டுப் பக்கச் சிறு நூலாக ஆக்கினார்கள். எழுதப் படிக்கத் தெரியாத ஒரு பாட்டி, அட்டையில் எழுதப்பட்டிருந்த தன் பெயரைப் பேத்தியின் விரலைப் பிடித்து ஒவ்வோர் எழுத்தாகத் தடவிப் பார்த்தார். அந்த நூல் இன்றும் எங்கள் வகுப்பு அலமாரியில் இருக்கிறது, முனைகள் தேயும் அளவுக்குப் பிள்ளைகள் எடுத்துப் படிக்கிறார்கள். தாளும் ஊசிநூலும் தவிர இதற்கு வேறு செலவு கிடையாது.

இன்னொன்று. ஆகஸ்ட் 12 நூலகர் நாள். இந்திய நூலக அறிவியலின் தந்தை எனப்படும், சீர்காழியில் பிறந்த சீ. இரா. ரங்கநாதனின் பிறந்த நாளைத்தான் அப்படிக் கொண்டாடுகிறோம். அவர் உங்கள் மாவட்டத்துக்காரர். ஆடியும் ஆகஸ்ட் நடுப்பகுதி வரை இருக்கிறது. 1931-இல் மன்னார்குடியை அடுத்த மேலவாசலில் மாட்டுவண்டியில் நூல்களை ஏற்றி ஊர் ஊராகக் கொண்டுசென்ற நடமாடும் நூலகத்தின் பின்னணியில் அவருடைய முயற்சி இருந்தது. விழாவின் முதல் நாள் காலையில் ஒரு மாட்டுவண்டியில் புத்தகங்களை வைத்து, பிள்ளைகள் உடன் நடக்கத் தெருத்தெருவாகக் கொண்டுவாருங்கள். ஒலிபெருக்கி விளம்பரமோ ஃபிளெக்ஸோ தேவைப்படாது.

பதில் 4: பின்னட்டை

ஐந்தாறு சிறுகதைத் தொகுப்புகள் எழுதியவன் என்ற முறையில், மேடைக்கு அந்தப் பக்கம் உட்காருபவனின் மனநிலையைச் சொல்கிறேன். எழுத்தாளருக்குப் பொன்னாடை வேண்டாம், அவரைப் படித்த பதினைந்து பேர் போதும். விழாவுக்கு இரண்டு மாதம் முன்பே அவருடைய ஒரே ஒரு நூலை முடிவு செய்து, வாசகர் வட்டத்தின் பணத்தில் ஐந்து படிகள் வாங்கி, கைமாற்றிக் கைமாற்றிப் படியுங்கள். சந்திப்பன்று மேடையே போடாதீர்கள். நாற்காலிகளை வட்டமாகப் போட்டு, ஒருவர் இரண்டு நிமிடத்தில் அறிமுகம் செய்த பிறகு, படித்தவர்களே முதலில் பேசட்டும், எழுத்தாளர் பிறகு பேசட்டும். மாலை ஐந்து மணிக்குத் தொடங்கி ஆறரைக்கு முடித்துவிட்டால் கடைசிப் பேருந்தைப் பற்றிய கவலை இல்லை. வழிச்செலவையும் ஒரு சிறு தொகையையும் முன்கூட்டியே பேசி, அன்றே கையில் கொடுத்துவிடுங்கள்; கேட்டு வாங்கும் நிலைக்கு எவரையும் ஆளாக்க வேண்டாம்.

முதல் பதிலில் வந்த பெரிய சொற்பொழிவு குறித்து எனக்கு மாறுபட்ட கருத்து உண்டு. ஈரோடு போன்ற இடத்தில் அது பெருங்கூட்டத்தைப் புத்தகத்திடம் கொண்டுவந்திருக்கிறது, அதை மதிக்கிறேன். ஆனால் சிறிய ஊரில் பட்டிமன்றமோ நட்சத்திரப் பேச்சாளரோ வந்தால், உங்களிடம் உள்ள பணத்தில் பாதி அதற்கே போய்விடும். கூட்டம் கைதட்டிவிட்டுக் கலையும், கடைகளின் பக்கம் திரும்பாது.

பதில் 5: பவானிக்கரை

பின்னட்டை ஐயா சொல்வதை ஏற்கிறேன். மூன்று நாள் விழாவுக்குச் சொற்பொழிவு தேவையில்லை. ஒரு திருத்தம் மட்டும்: வட்டமாக அமரும் சந்திப்பில் பெண்களும் மாணவர்களும் பேசத் தயங்குவார்கள். ஆகவே படித்தவர்களில் மூன்று பேரையாவது முன்பே கேட்டுக்கொண்டு, முதல் மூன்று கேள்விகளும் அவர்களிடமிருந்தே வரும்படி பார்த்துக்கொள்ளுங்கள்.

கேள்வி கேட்டவர்: கிளைநூலகத் தோழி

அனைவருக்கும் நன்றி. நேற்று மாலை வாசகர் வட்டத்தில் இவற்றையெல்லாம் படித்துக் காட்டினேன். விழாவை ஆடியில் நூலகர் நாளை ஒட்டி வைப்பதென்றும், தைப்பொங்கல் முடிந்தவுடன் மூன்று பள்ளிகளில் உண்டியல் கொடுப்பதென்றும், போட்டிகளைக் கைவிடுவதென்றும் முடிவாகிவிட்டது. வாழ்த்துரைப் பட்டியலை நீக்குவதற்கு மட்டும் சிலர் இன்னும் சம்மதிக்கவில்லை. அவர்களுடைய பெயர்களை அழைப்பிதழில் அச்சிட்டு, மாட்டுவண்டியைத் தொடங்கிவைக்கும் பொறுப்பை அவர்களிடம் கொடுக்கலாம் என்று எங்கள் நூலகர் யோசனை சொன்னார். மண்டபத்தையும் போய்ப் பார்த்து வந்தோம். பந்தியில் போடும் மேஜைகள் இருபத்திரண்டு இருக்கின்றன. புத்தகம் பரப்ப அவை போதும் என்று நினைக்கிறோம்.

பதில் 6: ஒன்பதாம் எண் அரங்கு

பெரியவர்களுக்கான நூல்களுக்கு அந்த மேஜைகள் சரியாக இருக்கும். ஆனால் ஐந்து வயதுக் குழந்தை அதன் முன்னால் நின்றால் மேஜையின் விளிம்பு நெஞ்சளவுக்கு வரும், உள்ளே தள்ளி இருக்கும் புத்தகத்தின் அட்டை சரியாகத் தெரியாது. பந்தியில் உட்காருவதற்குப் போடும் நீள பெஞ்சுகளும் அங்கே இருக்கும் அல்லவா? சிறுவர் நூல்களை அந்த பெஞ்சுகளின் மேல் அட்டை மேலே தெரியும்படி வரிசையாக வைத்து, எதிரில் ஜமக்காளம் விரித்துவிடுங்கள்.