ஈ.எஸ்.ஏ-இல் இருந்து யூனிவர்சல் கிரெடிட்: அக்காவின் காசு குறையுமா?

லெஸ்டர் தம்பி (கேள்வி, பிரித்தானியா, 2025)

வணக்கம். அக்காவுக்கு 52 வயது, ஹரோவில் கவுன்சில் பிளாட்டில் தனியே இருக்கிறா. இன்கம் ரிலேட்டட் ஈ.எஸ்.ஏ (நோயால் வேலை செய்ய ஏலாதவைக்கு, வருமானத்தைப் பாத்து அரசாங்கம் தாற காசு), சப்போர்ட் குரூப் (வேலைக்கு ஆயத்தப்படவும் தேவையில்லை என்ற பிரிவு). பிப் என்ற இயலாமைக் கொடுப்பனவில் டெய்லி லிவிங் (அன்றாடத் தேவைகளுக்கான பகுதி) கிடைக்குது. அவவுக்காக ஒருவரும் கேரர்ஸ் அலவன்ஸ் (பராமரிப்பவருக்கான காசு) எடுக்கேல்லை. வாடகை முழுக்க ஹவுசிங் பெனிபிட்டில் (வாடகைக்கான உதவிக் காசு) போகுது.

போன கிழமை மைக்ரேஷன் நோட்டீஸ் (ஈ.எஸ்.ஏ-யை விட்டு யூனிவர்சல் கிரெடிட் என்ற புதிய உதவித்தொகைக்கு மாறச் சொல்லும் கடிதம்) வந்தது. விண்ணப்பம் போடக் கடைசி நாள் 2026 ஜனவரி 14. இப்ப ஈ.எஸ்.ஏ கிழமைக்கு 244.65 பவுண்ஸ். யூனிவர்சல் கிரெடிட் விகிதங்களைக் கூட்டினால் மாதம் 823 தான் வருது. இருநூறுக்கு மேல குறையுதே, உண்மையா? ஐந்து கிழமைக்குக் காசு வராது என்றும் சொல்லுகினம். அவ நித்திரை இல்லாமல் இருக்கிறா.

இன்னொன்று. என்ர மகனுக்கு (24) லண்டனில் வேலை. டிசம்பரில் மாமி வீட்டில போய் இருக்கப் போறான். அதால ஏதும் வருமா?

கணக்குப்பிள்ளை

நீங்கள் கூட்டினது பிழை இல்லை, ஒரு வரி விடுபட்டிருக்கு.

2025-26 விகிதத்தில் அக்காவின் 244.65 இப்படி வருது: அடிப்படை 92.05, சப்போர்ட் கொம்பொனன்ட் 48.50, என்ஹான்ஸ்ட் டிஸபிலிட்டி பிரீமியம் (இயலாமைக்கான மேலதிகத் தொகை) 21.20, சிவியர் டிஸபிலிட்டி பிரீமியம் 82.90. இதை 52ஆல் பெருக்கி 12ஆல் பிரித்தால் மாதம் 1,060.15.

அதே 2025-26 விகிதத்தில் யூனிவர்சல் கிரெடிட்டில் தனியாளுக்கு (25 வயதுக்கு மேல்) மாதம் 400.14, அதோட சப்போர்ட் குரூப்புக்குப் பதிலாக வரும் எல்.சி.டபிள்யூ.ஆர்.ஏ 423.27. மொத்தம் 823.41. பிரீமியங்கள் இரண்டும் இங்கே கிடையாது. குறையும் 236.74ஐ ட்ரான்சிஷனல் எலிமென்ட் (மாறுவதால் இழப்பு வராமல் தரும் தொகை) என்று தனி வரியாகச் சேர்ப்பார்கள். ஆகவே மாறும் அன்று மொத்தம் குறையாது. வாடகை இதில் சேரவில்லை, அது ஹவுசிங் எலிமென்ட்டாகத் தனியே வரும். பிப்பில் ஒரு சதமும் மாறாது.

இந்த 236.74 அக்கா விண்ணப்பம் போடும் நாளுக்கு முதல் நாள் என்ன வாங்கிக்கொண்டு இருந்தாவோ அதை வைத்துத்தான் கணக்கிடப்படும். அதனால் மகனின் விஷயம் சின்ன விஷயம் இல்லை. 18 வயதுக்கு மேற்பட்ட ஒருவர் வீட்டில் குடியிருந்தால் சிவியர் டிஸபிலிட்டி பிரீமியம் நின்றுவிடும். விண்ணப்பத்துக்கு முன் மகன் குடிவந்தால் மாதம் கிட்டத்தட்ட 359 பவுண்ஸ் கணக்கிலிருந்து போகும். ட்ரான்சிஷனல் எலிமென்ட்டே வராது, ஏனெனில் இடைவெளி 236.74 மட்டும்தான். யூனிவர்சல் கிரெடிட் தொடங்கின பிறகு வந்தால் அந்தத் தொகை குறையாது. டெய்லி லிவிங் இருப்பதால் மகனுக்காக ஹவுசிங் எலிமென்ட்டிலும் வெட்டமாட்டார்கள். வந்த நாளை ஜேர்னலிலும் (யூனிவர்சல் கிரெடிட்டின் ஒன்லைன் கணக்கில் செய்தி எழுதும் இடம்) கவுன்சிலுக்கும் அறிவிக்க வேணும். தனியாளுக்கான 25 வீத கவுன்சில் ரக்ஸ் (உள்ளூராட்சி வரி) கழிவு எப்படியும் போகும்.

அவன் டிசம்பரில் வருவதென்றால் அக்கா நவம்பரிலேயே விண்ணப்பம் போடட்டும். கடைசி நாள் வரைக்கும் காத்திருக்கச் சட்டம் எதுவும் இல்லை.

ஈஸ்ட்ஹாம் அக்கா

கணக்கு சரி. விண்ணப்பம் போடும்போது கெட்டுப்போகிற இடங்களைச் சொல்லுறன்.

ஈ.எஸ்.ஏ-க்குப் போன் பண்ணி "நிப்பாட்டுங்கோ" என்று சொல்ல வேண்டாம். விண்ணப்பம் போனதும் அவர்களே நிப்பாட்டுவார்கள், அதற்குப் பிறகும் இரண்டு கிழமைக்கு ஈ.எஸ்.ஏ-யும் ஹவுசிங் பெனிபிட்டும் வரும். அந்த இரண்டு கிழமைக் காசைத் திருப்பிக் கேட்கமாட்டார்கள், யூனிவர்சல் கிரெடிட்டில் கழிக்கவும் மாட்டார்கள். ஐந்து கிழமை என்பது ஒரு மாதக் கணிப்பும் ஏழு நாளும். 12ஆம் திகதி போட்டால் மற்ற மாதம் 18ஆம் திகதியளவில் முதல் காசு. உண்மையான ஓட்டை மூன்று கிழமை. கையில கொஞ்சம் இருந்தால் அட்வான்ஸ் எடுக்காமல் சமாளியுங்கோ. வட்டி இல்லைதான், ஆனால் 800 எடுத்தால் இரண்டு வருசத்துக்கு மாதம் 33 பவுண்ஸ் வெட்டுவார்கள். பிறகு "காசு குறைஞ்சு போச்சு" என்று பயப்படுகிற ஆட்களில் அரைவாசிப் பேர் அட்வான்ஸ் எடுத்தவர்கள்.

ஃபோமில் வேலை செய்வதைத் தடுக்கும் நோயோ இயலாமையோ உண்டா என்று கேட்கும். "ஓம்" என்று போடவேணும். பெனிபிட்டில ஏற்கனவே எல்லாம் பதிஞ்சிருக்குத்தானே என்று "இல்லை" போட்டால் எல்.சி.டபிள்யூ.ஆர்.ஏ விடுபடும். சப்போர்ட் குரூப்பில் இருந்து நேரே மாறுபவருக்கு மூன்று மாதக் காத்திருப்பும் இல்லை, புதிதாக மருத்துவப் பரிசோதனையும் தேவையில்லை. முதல் ஸ்டேட்மென்ட்டிலேயே 423.27 இருக்கவேணும். இல்லாட்டி, அல்லது டொக்டரிட்ட ஃபிட் நோட் (நோய்ச் சான்றிதழ்) கேட்டால், ஜேர்னலில் இப்படி எழுதுங்கோ: "நான் ஈ.எஸ்.ஏ சப்போர்ட் குரூப்பிலிருந்து மாறியவர். 2014 ட்ரான்சிஷனல் புரொவிஷன்ஸ் ஒழுங்குவிதி 19இன்படி முதல் நாளிலிருந்து எல்.சி.டபிள்யூ.ஆர்.ஏ சேர்க்கவும்." ஒழுங்குவிதி எண்ணைப் போட்டால் பதில் வாற வேகமே வேற.

வாடகை இனிமேல் அக்காவின் கணக்குக்கு வரும், அவவே கவுன்சிலுக்குக் கட்டவேணும். இது பெரிய மாற்றம், பலர் தெரியாமல் நிலுவைக்குள் போகிறார்கள். கஷ்டமென்றால் வாடகையை நேரே வீட்டுக்காரருக்கு அனுப்பும்படி ஜேர்னலில் கேட்கலாம். கவுன்சில் ரக்ஸ் ரிடக்‌ஷன் (வருமானம் குறைந்தவர்களுக்கான வரிக் குறைப்பு) யூனிவர்சல் கிரெடிட்டோட வராது, கவுன்சிலிட்ட தனியாக அறிவிக்கவேணும்.

கடைசி நாள் தவறிப்போனாலும் ஒரு மாதத்துக்குள் போட்டால் அந்தக் கடைசி நாளிலிருந்தே தருவார்கள், 236.74இன் பாதுகாப்பும் போகாது. அதுக்கும் பிந்தினால் 236.74 போனதுதான். ஒன்லைன் ஏலாட்டி போனிலும் போடலாம், தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேணுமென்று முதலே கேளுங்கோ. சிற்றிசன்ஸ் அட்வைஸ் என்ற ஆலோசனை அமைப்பின் ஹெல்ப் ரு கிளெய்ம் (விண்ணப்பம் போட உதவும் சேவை) இலவசம்.

லெஸ்டர் தம்பி

மிச்சம் நன்றி. மகனை ஜனவரி வரைக்கும் சினேகிதன் வீட்டில நிக்கச் சொல்லுறன். அக்காவின் பழைய கடிதம் ஒன்றில் "கொன்ரிபியூஷன் பேஸ்ட்" என்றும் கிடக்கு. அது என்ன?

கணக்குப்பிள்ளை

முன்பு வேலை செய்து நாஷனல் இன்சூரன்ஸ் கட்டினவருக்கு இரண்டும் கலந்து வரும். அந்தக் கொன்ரிபியூஷன் பேஸ்ட் பகுதி நிற்காது, நியூ ஸ்டைல் ஈ.எஸ்.ஏ என்ற பெயரில் இரண்டு கிழமைக்கு ஒருக்கா 281.10 (2025-26 விகிதம்) தொடரும். மாதக் கணக்கில் அது 609.05. அதை யூனிவர்சல் கிரெடிட்டில் அப்படியே கழித்துவிட்டு வாடகை தவிர 451.10 போடுவார்கள். ஸ்டேட்மென்ட்டில் "609.05 கழிக்கப்பட்டது" என்று கண்டதும் ஆட்கள் திடுக்கிடுகிறார்கள். இரண்டு பக்கமும் கூட்டிப் பாருங்கள், 1,060.15. நியூ ஸ்டைல் ஈ.எஸ்.ஏ வரிக்குட்பட்டது, ஆனால் அதுமட்டும்தான் வருமானமென்றால் வரி வராது.

மிச்சம் வாசகன்

எல்லாரும் மாறும் நாளைப் பற்றியே எழுதுகிறீர்கள். குறைவது அதுக்குப் பிறகு.

ட்ரான்சிஷனல் எலிமென்ட் உயராது, தேயும். சைல்ட்கேர் தவிர வேறு எந்த எலிமென்ட் கூடினாலும் கூடின அளவு இதில் கழியும். ஏப்ரலில் விகிதங்கள் உயரும், அதே அளவு 236.74 கரையும், கையில் வரும் தொகை நகராது. அக்கா ஏப்ரல் உயர்வை நம்பி இருக்கக்கூடாது.

வாடகைதான் கடிக்கும். கவுன்சில் வாடகை கிழமைக்கு 9 பவுண்ஸ் ஏறினால் மாதம் 39. ஹவுசிங் பெனிபிட் காலத்தில் அது முழுக்க ஏற்றதையும் கட்டும். இனி ஹவுசிங் எலிமென்ட் 39 கூடும், ட்ரான்சிஷனல் எலிமென்ட் 39 குறையும், அக்கா 39 பவுண்ஸைத் தன் செலவுக் காசில் எடுத்துக் கட்டவேணும். பயத்தில் வாடகை ஏறினதை அறிவிக்காமல் விடவேண்டாம், பிறகு கணக்கைத் திருத்தும்போது தலையிடி அதிகம்.

கலியாணம் கட்டினால் அல்லது துணையோடு சேர்ந்து வாழத் தொடங்கினால் ட்ரான்சிஷனல் எலிமென்ட்டில் மிச்சம் இருப்பது ஒரே நாளில் இல்லாமல் போகும். மருமகன் வந்து இருப்பதால் இப்படி ஆகாது.

முதல் ஸ்டேட்மென்ட் வந்ததும் 236.74ஐத் தேடிப் பாருங்கள். சிவியர் டிஸபிலிட்டி பிரீமியத்தை விட்டுவிட்டுக் கணக்கிட்டால் ட்ரான்சிஷனல் எலிமென்ட் காணாமலே போகும், ஆட்கள் கவனிப்பதில்லை. பிழையென்றால் ஒரு மாதத்துக்குள் ஜேர்னலில் மான்டடறி ரீகொன்சிடரேஷன் (முடிவைத் திரும்பப் பரிசீலிப்பது) கேளுங்கள். அதற்கு ஆதாரம், விண்ணப்பம் போடுமுன் வந்த கடைசி ஈ.எஸ்.ஏ கடிதம், நாலு தொகையும் பிரித்துக் காட்டினது. இன்றைக்கே அதைப் படம் எடுத்து வையுங்கள்.

ஈஸ்ட்ஹாம் அக்கா

மருந்துச் சீட்டின் பின்பக்கத்தில் இனி ஈ.எஸ்.ஏ பெட்டியைப் புள்ளடி போட வேண்டாம், யூனிவர்சல் கிரெடிட் பெட்டி. பழைய பெட்டியைப் போட்டவர்களுக்கு தண்டக் கடிதம் வந்திருக்கு.