வீட்டில் குளவிக் கூடு: எதை விட்டுவைக்கலாம், எதை அகற்ற வேண்டும்?

கேள்வி

வணக்கம். எங்கள் வீட்டில் இரண்டு இடங்களில் குளவிகள் கூடு கட்டியிருக்கின்றன. புத்தக அலமாரியின் பின்பக்கத்தில் இருப்பது விரல் தடிமனில், மண்ணால் பூசப்பட்ட கூடு. அங்கே ஒரேயொரு குளவிதான் வந்து போகிறது. மற்றொன்று மாடி ஜன்னலுக்கு மேலே, சாம்பல் நிறத்தில், சிறு தாமரைக்காயைக் கவிழ்த்துத் தொங்கவிட்டதுபோல் இருக்கிறது. அதன்மேல் எப்போதும் ஐந்தாறு குளவிகள் உட்கார்ந்திருக்கின்றன. நடை பழகும் குழந்தை இருப்பதால் இரண்டையும் கொளுத்திவிட வேண்டும் என்று வீட்டுப் பெரியவர்கள் சொல்கிறார்கள். போதாக்குறைக்கு, தூசி தட்டுவதற்காக அலமாரியைச் சற்று நகர்த்தியதிலிருந்து மண்கூட்டுக் குளவி அறைக்குள் சுற்றிச் சுற்றி வருகிறது. அது கொட்டுவதற்காகவே தேடுகிறது என்று அம்மா அஞ்சுகிறார். உண்மையில் இவை எப்போது கொட்டும், இரண்டையும் அகற்றத்தான் வேண்டுமா என்பதை விவரம் தெரிந்தவர்கள் விளக்கினால் நன்றாக இருக்கும்.

மறுமொழி 1

அம்மாவின் அச்சத்தை முதலில் போக்கிவிடுங்கள். அந்தக் குளவி தேடுவது உங்களை அல்ல, தன் கூட்டை. குளவிகள் கூட்டை விட்டுப் புறப்படும்போது அதன் பக்கம் முகத்தைத் திருப்பி, வளைவு வளைவாகப் பறந்து, சுற்றியுள்ள பொருள்களை அடையாளமாக மனத்தில் பதித்துக்கொள்கின்றன. நிக்கோ டின்பெர்கன் என்ற நெதர்லாந்து ஆய்வாளர், மண்ணில் வளை தோண்டும் ஒரு குளவியின் வாசலைச் சுற்றிப் பைன் மரக் காய்களை வட்டமாக அடுக்கினார். அது வேட்டைக்குப் போயிருந்த நேரத்தில் அந்த வட்டத்தைச் சற்றுத் தள்ளி வைத்தார். திரும்பி வந்த குளவி, வளையைக் கவனிக்காமல் வட்டத்தின் நடுவிலேயே இறங்கித் தேடியது. 1932-இல் வெளியான அந்த ஆய்வைச் செய்தவருக்கு, விலங்கு நடத்தை ஆய்வுகளுக்காக 1973-இல் நோபல் பரிசும் கிடைத்தது. அலமாரியைப் பழைய இடத்திலேயே வைத்துவிட்டால் உங்கள் வீட்டுக் குளவியின் தேடலும் பெரும்பாலும் நின்றுவிடும்.

மண்கூடு கட்டும் குளவி தனித்து வாழ்வது. அதற்குப் படையும் இல்லை, கூட்டைக் காக்கும் மூர்க்கமும் இல்லை. கையால் பிடித்தாலோ ஆடைக்குள் சிக்கினாலோதான் கொட்டும். அதன் கொடுக்கு முதன்மையாக வேட்டைக் கருவி. நீங்கள் சொல்லும் வகை பெரும்பாலும் சிலந்திகளைப் பிடிக்கும். சிறு பானைபோல் கூடு கட்டும் இன்னொரு வகை பச்சைப் புழுக்களைப் பிடிக்கும். இரையைக் கொல்லாமல், அசைய முடியாதபடி கொட்டி, ஓர் அறைக்குள் அடைத்து, முட்டையிட்டு, வாசலை மண்ணால் பூசிவிடும். இரை உயிரோடு கிடப்பதால் அழுகுவதில்லை. முட்டையிலிருந்து வரும் குளவிப்புழு அதைத் தின்று வளர்கிறது. ‘கொட்டக் கொட்டப் புழுவும் குளவியாகும்’ என்ற பழமொழியைச் சொன்னவர், உள்ளே போன புழுவையும் வெளியே வந்த குளவியையும் சரியாகவே பார்த்திருக்கிறார். இடையில் நடந்த விருந்துதான் மண்சுவருக்குள் மறைந்துவிட்டது.

கூட்டின் மேல் வட்டமான துளைகள் தெரிந்தால் குஞ்சுகள் பறந்துவிட்டன என்று பொருள். அப்போது சுரண்டி எடுத்துவிடலாம்.

மறுமொழி 2

மண்கூட்டைப் பற்றி மேலே சொல்லப்பட்டது சரி. ஆனால் ஜன்னலுக்கு மேலே இருப்பதை அதே கணக்கில் சேர்க்க முடியாது. அது காகிதக் குளவி. காய்ந்த மரத்தைச் சுரண்டி, எச்சிலோடு மென்று அந்தக் கூட்டைக் கட்டுகிறது. கூட்டைத் தாங்கும் காம்பில் எறும்புகளை விரட்டும் ஒரு சுரப்பையும் தடவி வைக்கிறது. அங்கே குடும்பமாக வாழ்வதால் குஞ்சுகளைக் காப்பாற்றத் துணிந்து கொட்டும். இருந்தாலும் எடுத்தவுடன் பாய்வது குறைவு. நீங்கள் நெருங்கும்போது கூட்டிலிருக்கும் குளவிகள் எல்லாம் உங்கள் பக்கம் திரும்பி, இறக்கைகளை உயர்த்தி நின்றால், அதுவே எச்சரிக்கை. கையை வீசாமல் மெதுவாகப் பின்வாங்க வேண்டும். கூட்டைத் தாங்கும் சுவரையோ கம்பியையோ அதிரச் செய்வதும், கூட்டின்மேல் மூச்சு விடுவதும் அவற்றைச் சீண்டும்.

இதே கூடு தோட்டத்து மூலையில் இருந்தால் விட்டுவிடச் சொல்வேன், ஏனெனில் செடிகளைத் தின்னும் புழுக்களைத்தான் அவை பிடித்து மென்று தம் குஞ்சுகளுக்கு ஊட்டுகின்றன. நாள்தோறும் திறந்து மூடும் ஜன்னலும், நடை பழகும் குழந்தையும் இருக்கும் இடத்தில் அந்த நியாயம் செல்லாது, அகற்றத்தான் வேண்டும். ஆனால் கொளுத்த வேண்டாம். தீப்பந்தத்துக்குத் தப்பிய குளவிகள் பந்தம் பிடித்தவரைத்தான் தேடி வரும், ஏணியின் மேல் நிற்பவரால் ஓடவும் முடியாது. பழக்கமுள்ள ஆளிடம் விட்டுவிடுங்கள். அதுவரை அந்த ஜன்னலை மூடியே வையுங்கள்.

கேள்வி கேட்டவர்

இருவருக்கும் நன்றி. அலமாரியைப் பழையபடி நகர்த்தி வைத்துவிட்டோம். ஒரு வேளை யாரையாவது கொட்டிவிட்டால், தேனீ கொட்டியதற்குச் செய்வதுபோல் கொடுக்கைப் பிடுங்க வேண்டுமா? கதண்டு என்று சொல்வதும் இதே இனமா?

மறுமொழி 3

தேனீயின் கொடுக்கில் முட்கள் இருப்பதால் அது தோலில் சிக்கிக்கொள்ளும். குளவிக்கு அப்படியில்லை, கொடுக்கை உருவிக்கொண்டு மீண்டும் மீண்டும் கொட்டும். கொட்டுவது பெண் குளவி மட்டுமே, ஏனெனில் முட்டையிடும் உறுப்புதான் கொடுக்காக மாறியிருக்கிறது. கொட்டிய இடத்தைச் சோப்புப் போட்டுக் கழுவி, துணியில் சுற்றிய பனிக்கட்டியை வைத்தால் பெரும்பாலும் போதும். மூச்சுத் திணறல், முகமோ தொண்டையோ வீங்குதல், உடல் முழுவதும் தடிப்பு, தலைசுற்றல் ஆகியவற்றில் எது தோன்றினாலும் ஒரு நிமிடமும் தாமதிக்காமல் மருத்துவமனைக்குக் கொண்டு செல்லுங்கள்; ஒவ்வாமை உள்ளவருக்கு ஒரே கொட்டுகூட உயிரைப் பறிக்கக்கூடும்.

கதண்டும் குளவி இனம்தான், ஆனால் உருவத்திலும் நஞ்சின் அளவிலும் பெரியது. பந்துபோல் முழுவதும் மூடிய, ஒரே வாசலுள்ள கூடு மரத்திலோ பொந்திலோ தெரிந்தால், கல்லெறிவது, புகை போடுவது போன்ற எந்தச் சோதனையும் வேண்டாம்; விலகிச் சென்று தீயணைப்புத் துறைக்குத் தெரிவியுங்கள். பல கதண்டுகள் சேர்ந்து கொட்டினால், ஒவ்வாமை இல்லாதவருக்கும் தசைகளும் சிறுநீரகமும் பாதிக்கப்படலாம். சிறுநீர் கருத்துப் போவது அதன் அறிகுறி, அது உடனே தெரியாமல் தாமதமாகவும் வெளிப்படலாம். ஆகவே பல கொட்டுகள் பட்டவர் நன்றாக இருப்பதாகத் தோன்றினாலும் மருத்துவரிடம் காட்டியே ஆக வேண்டும்.

மறுமொழி 1-ஐ எழுதியவர்

மண்குளவியைப் பற்றி ஒன்றை விட்டுவிட்டேன். அது கொட்டுவதைவிட, அடைப்பதால்தான் தொல்லை அதிகம். 1996 பிப்ரவரியில் டொமினிகன் குடியரசின் புவேர்ட்டோ பிளாட்டாவிலிருந்து கிளம்பிய விமானம் கடலில் விழுந்து 189 பேர் இறந்தனர். அதன் வேகத்தை அளக்கும் குழாய் அடைபட்டிருந்தது. உறையிடாமல் விட்டிருந்த அந்தக் குழாயில் மண்குளவி கூடு கட்டியிருக்கலாம் என்றே கருதப்பட்டது. வீட்டில் அந்த அளவுக்கு ஆபத்து இல்லை என்றாலும், பயன்படுத்தாத பிளக் துளைகள், பூட்டின் சாவித்துளை, ஏசியின் நீர் வடியும் குழாய் ஆகியவற்றை அவ்வப்போது பாருங்கள். தண்ணீர் சூடாக்கும் எரிவாயுக் கருவி இருந்தால், அதன் புகை வெளியேறும் வழியில் மண் அடைத்திருக்கிறதா என்பதை முதலில் பார்க்க வேண்டும்.