அமுச்சி (அம்மாவின் அம்மா) வீடு குரூப்: கவிதாவை யார் காரில் இறக்குவது

வியாழன், இரவு 7:42

சுலோச்சனா: எல்லோருக்கும் வணக்கம். ஞாயிறு வால்பாறையில் கவிதா வளைகாப்பு. காலை 9-லிருந்து 10.30-க்குள். ஆடி பிறந்துவிட்டால் வைக்க முடியாது என்றுதான் இந்த மழையிலும் வைத்திருக்கிறோம். மேலே போக வண்டிக்குப் பிரச்சினை இல்லை. முடிந்ததும் அவளைப் பொள்ளாச்சிக்கு யார் காரில் கூட்டி வருவது என்று இன்றே சொல்லிவிடுங்கள்.

செல்வராஜ்: இன்னோவா இருக்கிறதே

சுலோச்சனா: அதில் அம்மா, நீங்கள், அண்ணி, அப்புறம் உடுமலைக்காரர்கள் சேர்த்து ஏழு பேர் அண்ணா. அவள் கால் நீட்டி உட்கார வேண்டும். ஏழாம் மாதம்.

கோகுல்: சித்தி, நான் கூட்டி வருகிறேன். பின் சீட் முழுக்கக் கவிக்கு.

பிரபு: 👍

செல்வராஜ்: அந்த வண்டியா

கோகுல்: அந்த வண்டிக்கு என்ன மாமா

செல்வராஜ்: போன தீபாவளிக்கு உட்கார்ந்தேன். ரோட்டில் கிடந்த எலுமிச்சம்பழத்தின் மேல் ஏறியதுகூட இடுப்பில் தெரிந்தது.

ராஜேஸ்வரி: 😂

தங்கவேல்: மாட்டு வண்டி மாப்பிள்ளை

கோகுல்: அது வண்டியின் குறை இல்லை. டயர் அப்படி. ஒரு தடவை விளக்கமாகச் சொல்லிவிடுகிறேன், அப்புறம் யாரும் கேட்கக் கூடாது. கம்பெனி கொடுத்தது 205/55 ஆர்16. 205 என்றால் டயரின் அகலம், மில்லிமீட்டரில். 55 என்றால் அந்த அகலத்தில் 55 சதவீதம் பக்கச் சுவரின் உயரம். அதாவது கிட்டத்தட்ட 113 மில்லிமீட்டர். நான் போட்டிருப்பது 225/45 ஆர்17. அதன் சுவர் 101 மில்லிமீட்டர்தான். ரிம் 16 இஞ்சுக்குப் பதில் 17, அதனால் பெரிது, சுவர் குட்டை, ஆனால் மொத்த உயரம் ஏறக்குறைய அதேதான், மீட்டர் தப்பாகக் காட்டாது. சுவர் குட்டையாகவும் விறைப்பாகவும் இருப்பதால் ஸ்டீயரிங் திருப்பினால் வண்டி உடனே கேட்கும். அதே காரணத்தால் குழியும் உடனே கேட்கும். ரப்பரும் மென்மையான ரகம். டயரின் பக்கத்தில் ட்ரெட்வேர் என்று ஒரு எண் இருக்கும், என்னுடையதில் 300. எண் குறைந்தால் பொதுவாகப் பிடி அதிகம், ஆயுசு குறைவு.

செல்வராஜ்: விலை?

கோகுல்: ஒன்று 15 ஆயிரம் மாமா.

செல்வராஜ்: நாலுக்கு 60. ஒரு கறவை மாடு.

தங்கவேல்: கன்றோடு

ராஜேஸ்வரி: என்னிடம் ஒன்று 8 ஆயிரம் என்றாயே கோகுல்

கோகுல்: அது ஆஃபர் விலை அம்மா

சுலோச்சனா: நான் கேட்டது வண்டி.

தங்கவேல்: டயர் என்றால் சாதாரணமா சுலோ? 2005 ஜூன் 19, அமெரிக்காவில் இண்டியானாபொலிஸ். ஃபார்முலா ஒன் கார் பந்தயம். மொத்தம் 20 கார். மிஷ்லின் டயர் போட்ட 14 காரும் ஒரு சுற்று வந்துவிட்டு அப்படியே பிட்டுக்குள், அதாவது வண்டியை நிறுத்தி வேலை பார்க்கும் இடத்துக்குள் போய்விட்டன. 13-ஆவது வளைவு சாய்வாகக் கட்டியது, அந்த வேகத்தில் அங்கே விழும் பாரத்தை எங்கள் டயர் தாங்கும் என்று சொல்ல முடியாது என்று கம்பெனியே சொல்லிவிட்டது. பிரிட்ஜ்ஸ்டோன் போட்ட 6 கார் மட்டும் ஓடியது. அதில் நம்ம கோயம்புத்தூர் நாராயண் கார்த்திகேயன், ஜோர்டான் கார், 4-ஆவது இடம், 5 பாயிண்ட். இந்தியன் ஒருவன் முதல் முதலாகப்

தங்கவேல்: வாங்கிய பாயிண்ட். கை பட்டுப் போய்விட்டது.

ராஜேஸ்வரி: இதைக் கவிதா காதுகுத்திலும் சொன்னார்

கோகுல்: கவிதா காதுகுத்து 2005-க்கு முன்னால் அம்மா 😂

ராஜேஸ்வரி: அப்படியென்றால் அவள் கல்யாணத்தில். ஏதோ ஒன்றில்.

தங்கவேல்: ஒரே ஒரு வளைவுக்காக 14 கார் நின்றது. ஆழியாறிலிருந்து மேலே 40 கொண்டை ஊசி. யோசித்துக்கொள்ளுங்கள்.

சேனாபதி: தம்பி கோகுல், டயர் ஓடியது எவ்வளவு?

கோகுல்: 31 ஆயிரம் பெரியப்பா.

சேனாபதி: பட்டன், அதான் ரோட்டில் படுகிற ரப்பர் கட்டை, தேயாமல் இருக்கிறதா? படம் போடு. நடு வாய்க்கால் தெரிகிற மாதிரி.

கோகுல்: [படம்]

கோகுல்: [படம்]

சேனாபதி: முன் டயரா இது

கோகுல்: பின் டயர். முன் டயர் கொஞ்சம் நன்றாக இருக்கும்.

சேனாபதி: வாய்க்காலுக்குள் குறுக்கே ஒரு சின்ன மேடு தெரிகிறது பார். பட்டனும் அந்த மேடும் சமம் ஆக இன்னும் நூல் அளவுதான் பாக்கி. சமம் ஆனால் தூக்கிப் போட வேண்டும்.

கோகுல்: தெரியும் பெரியப்பா, அது 1.6 மில்லிமீட்டர், சட்டப்படி எல்லை. இன்னும் 2-க்கு மேல் இருக்கிறது. காய்ந்த ரோட்டில் தேயத் தேயப் பிடி கூடத்தான் செய்யும். செட்டிபாளையம் கரி ரேஸ் டிராக்கில் இதே டயரோடு ஓட்டியிருக்கிறேன். காலையில் 32 காற்று வைத்து இறங்கினேன், ஆறு சுற்று முடித்து வந்து பார்த்தால் 39. சூட்டில் ஏறிவிட்டது. இறங்கி டயரில் கை வைத்தால் பலாப்பழப் பால் மாதிரி ஒட்டியது. அப்படி ஒரு பிடி.

சேனாபதி: அன்று மழையா

கோகுல்: இல்லை

சேனாபதி: ம்

சுலோச்சனா: ஏன் ம் என்கிறீர்கள் மாமா? பயமாக இருக்கிறது.

சேனாபதி: 22 வருஷம் அந்த ரூட்டில் பஸ் ஓட்டியவன் சொல்கிறேன். மழைக்குப் பட்டன்தான் வேலை செய்யும், ரப்பர் அப்புறம்தான். தண்ணீர் வெளியே போக வாய்க்கால் வேண்டும். கொண்டை ஊசியில் 20-ல்தான் திரும்புவோம், அங்கே பயம் இல்லை. கீழே ஆழியாறு தாண்டி ரோடு நேரானதும் கால் தானாக அமுக்கும். அங்கேதான்.

சரவணன் ஜெர்மனி: என்ன ஓடுகிறது இங்கே, 64 மெசேஜ்

சரவணன் ஜெர்மனி: டயரா? ஒன்று சொல்கிறேன். இங்கே வந்த முதல் வருஷம் நவம்பர் வரை சம்மர் டயரோடுதான் ஓட்டினேன். ஒரு காலை 3 டிகிரி. ரவுண்டானாவில் ஸ்டீயரிங்கைத் திருப்புகிறேன், வண்டி நேராகப் போய்த் திட்டில் ஏறிவிட்டது. ரப்பர் குளிரில் கட்டையாகிவிடும். 7 டிகிரிக்குக் கீழே அந்த டயரை நம்பாதே என்பார்கள். அக்டோபரிலிருந்து ஈஸ்டர் வரை விண்டர் டயர், இரண்டுக்குமே ஜெர்மன் பெயர் 'ஓ'வில் ஆரம்பிப்பதால் 'ஓ முதல் ஓ வரை' என்று பழமொழி மாதிரி வைத்திருக்கிறார்கள்.

செல்வராஜ்: திட்டில் ஏறியதா? எப்போது?

சரவணன் ஜெர்மனி: பழைய கதை அப்பா

செல்வராஜ்: எங்களிடம் சொல்லவில்லையே

சரவணன் ஜெர்மனி: ரிம் மட்டும்தான் போனது

கோகுல்: மச்சான், வால்பாறையில் ஜூலையில் அவ்வளவு குளிர் இருக்காது. அங்கே தண்ணீர்தான் பிரச்சினை. சரி, நாளைக்கு டயர் மாற்றிவிடுகிறேன். கடையில் கேட்டேன், இந்த அளவில் இரண்டுதான் கையில் இருக்கிறது. மற்ற இரண்டு வர அடுத்த வாரம் ஆகும்.

தங்கவேல்: இரண்டையும் முன்னால் போடு. இஞ்சின், ஸ்டீயரிங், இழுவை எல்லாம் முன்னால்தானே.

சேனாபதி: ஆமாம். பஸ்ஸில் புது டயர் முன்னால்தான் போடுவோம், ரீபட்டன், அதாவது தேய்ந்த டயர் மேல் புது ரப்பர் ஒட்டியது, பின்னால்.

ராஜேஸ்வரி: ரீபட்டன் என்றதும் ஞாபகம் வருகிறது. சுலோ கல்யாணம்.

செல்வராஜ்: ஆரம்பித்துவிட்டாயா

ராஜேஸ்வரி: சீர் ஏற்றிய அம்பாசிடர் தாராபுரம் பக்கத்தில் டயர் வெடித்து நின்றது. கூறைப்புடவை வண்டியில், முகூர்த்தம் மண்டபத்தில்.

தங்கவேல்: நான் மணவறையில் ஒன்றரை மணி நேரம் புகையில்

செல்வராஜ்: அது ரீபட்டன் இல்லை. நல்ல டயர்தான். ஆணி.

தங்கவேல்: மேல் தோல் உரிந்து ரோட்டில் கிடந்தது மச்சான், பாம்புச் சட்டை மாதிரி. நானே பார்த்தேன்.

செல்வராஜ்: மணவறையிலிருந்தா பார்த்தாய்

சரவணன் ஜெர்மனி: 😂😂

கோகுல்: பெரியப்பா, பஸ் கணக்கு வேறு. உங்களுக்குப் பின்னால் நாலு டயர், மேலே அத்தனை பாரம், முன் டயர் ஒன்று போனால் ஸ்டீயரிங்கே போய்விடும். காரில் இரண்டு மட்டும் புதிது என்றால் அதைப் பின்னால்தான் போட வேண்டும். முன் சக்கர இழுவை வண்டியாக இருந்தாலும் அப்படித்தான். ஏனென்றால் முன்பக்கம் வழுக்கினால் நமக்கு ஸ்டீயரிங்கில் தெரியும், காலை எடுத்தால் பெரும்பாலும் திரும்பக் கிடைக்கும். பின்பக்கம் வழுக்கினால் தெரியும்போது வண்டி சுற்றிவிட்டிருக்கும். ஐப்பசி மழையில் பல்லடம் ரோட்டில் நான் பட்டேன். முன்னால் புதிது, பின்னால் இதே டயர். 80-ல் போகிறேன், ஒரு இடத்தில் தண்ணீர் தேங்கியிருந்தது. முன் டயர் தண்ணீரை வெட்டிவிட்டது, பின் டயர் மிதந்தது. கையில் ஒன்றுமே தெரியவில்லை, அப்புறம் பார்த்தால் வந்த ரோடு கண் முன்னால் இருக்கிறது. பின் பம்பர் சென்டர் மீடியனில்.

சரவணன் ஜெர்மனி: டேய்

சரவணன் ஜெர்மனி: அத்தை இந்த குரூப்பில் இருக்கிறார்கள்

கோகுல்: இந்தச் செய்தி நீக்கப்பட்டது

ராஜேஸ்வரி: படித்துவிட்டேன்.

ராஜேஸ்வரி: மண்டப பார்க்கிங்கில் யாரோ இடித்துவிட்டுப் போய்விட்டான் என்றாய்.

ராஜேஸ்வரி: நான் போய் அந்த வாட்ச்மேனிடம் சண்டை போட்டேன் கோகுல்

கோகுல்: அம்மா, போன் பண்ணுகிறேன்

ராஜேஸ்வரி: வேண்டாம்

தங்கவேல்: வாட்ச்மேன் பாவம்

வெள்ளி, காலை 6:10

சுலோச்சனா: [குரல் செய்தி 1:47]

சுலோச்சனா: அம்மா பேசியது. கேட்க முடியாதவர்களுக்கு: கட்டுச்சோறு எத்தனை வகை என்று கேட்கிறார். புளி, எலுமிச்சை, தேங்காய், தயிர் நாலு ஆகிவிட்டது, ஐந்தாவது எள்ளா கருவேப்பிலையா? குரங்கு அருவியில் யாரும் வண்டி நிறுத்திச் சோற்றுக் கூடையைத் திறக்கக் கூடாதாம், போன தடவை போனது போதும் என்கிறார்.

செல்வராஜ்: எள்ளு

ராஜேஸ்வரி: வளைகாப்புக்கு எள்ளா

செல்வராஜ்: அப்போது கருவேப்பிலை

சேனாபதி: நேற்று நீ எழுதியதை யோசித்துப் பார்த்தேன் தம்பி. காருக்கு நீ சொல்வதில் ஞாயம் இருக்கிறது. எங்கள் டெப்போ டிரைவர் ஒருவர் சொந்தக் காரில் அப்படித்தான் அட்டகட்டிக்குப் பக்கத்தில் சுற்றினார். பின்னாலேயே போடு. ஆனால் புது டயர் முதல் இரண்டு நாள் மேலே ஒரு வழவழப்பு இருக்கும், அதையும் கணக்கில் வை.

கோகுல்: ஆமாம் பெரியப்பா, ஒரு 200, 300 கிலோமீட்டர் நிதானமாக ஓட்ட வேண்டும்.

சேனாபதி: நாளைக்கே எப்படி ஓடும் அவ்வளவு

கோகுல்: இன்று இரவு ஓட்டிவிடுகிறேன். திண்டுக்கல் போய்த் திரும்பினால் சரியாக இருக்கும்.

ராஜேஸ்வரி: யார் விட்டது உன்னை

வெள்ளி, மாலை 5:33

கோகுல்: கடையில் இருக்கிறேன். ஒரு சிக்கல்.

கோகுல்: [படம்]

கோகுல்: டயர் பக்கத்தில் நாலு எண் தெரிகிறதா, 1820. 2020-ஆம் வருஷத்தின் 18-ஆவது வாரத்தில் செய்தது என்று அர்த்தம். இன்னொன்று நேற்றுச் செய்தது மாதிரி இருக்கிறது. ஒரே விலை சொல்கிறார்கள். பழையது வேண்டாம் என்றேன், "ஸ்டாக்கில் நிழலில்தான் சார் இருந்தது" என்கிறார்.

செல்வராஜ்: விலை குறைத்துக் கேள்

கோகுல்: மாமா!

சரவணன் ஜெர்மனி: வாங்காதே

தங்கவேல்: கம்பெனி கொடுத்த பழைய 16 இஞ்ச் ரிம் டயரோடு மாடியில் கிடக்கிறது என்றாயே? நாலும்?

கோகுல்: ஆமாம் சித்தப்பா, 6 ஆயிரம் கிலோமீட்டர்கூட ஓடவில்லை. ஆனால் அதற்கும் மூன்று வருஷம் ஆகிவிட்டது. வெயில் படாமல்தான் இருக்கிறது. பார்ப்பதற்கு வண்டி ஆட்டோ மாதிரி ஆகிவிடும்.

ராஜேஸ்வரி: ஆகட்டும்

செல்வராஜ்: 113 மில்லிமீட்டர் சுவர்! இடுப்புக்கு நல்லது. செலவும் இல்லை.

சேனாபதி: இறக்கி வெடிப்பு இருக்கிறதா என்று பார். பட்டனுக்கு நடுவிலும் பார், பக்கத்திலும் பார். ஆர அமர. அப்புறம் கதவில் ஒட்டியிருக்கிற ஸ்டிக்கரில் என்ன காற்று போட்டிருக்கிறதோ அதை வை.

கவிதா: எல்லாவற்றையும் படித்துக்கொண்டுதான் இருக்கிறேன். என்னை யாராவது கேட்டீர்களா?

சுலோச்சனா: சொல்லு கண்ணு

கவிதா: இன்னோவாவில் ஏற மாட்டேன். பின்னால் ஆடி ஆடி ஒன்பதாவது வளைவுக்குள் வாந்தி வந்துவிடும். அண்ணன் வண்டி ஆடாது. ஆனால் அண்ணன் ஓட்டக் கூடாது. பெரியப்பா ஓட்டட்டும்.

பிரபு: 👍

கோகுல்: கவி!!

ராஜேஸ்வரி: சரியாகச் சொன்னாய். நான் முன் சீட்.

சேனாபதி: அது கியர் இல்லாத வண்டியாமே. ஏறின கியரிலேயே இறங்கு என்று 22 வருஷம் சொல்லிக் கொடுத்தவன் நான். இதில் எந்த கியரில் இறங்குவது?

கோகுல்: லீவரைப் பக்கத்தில் தள்ளினால் நாமே மாற்றலாம் பெரியப்பா, இரண்டில் போட்டால் இரண்டிலேயே நிற்கும். நாளைக் காலை வீட்டுக்கு வந்து காட்டுகிறேன்.

சேனாபதி: வா. பார்க்கிறேன். இன்னும் சரி என்று சொல்லவில்லை.

சுலோச்சனா: ஞாயிறு 12-லிருந்து எமகண்டம். அதற்குள் கிளம்ப வேண்டும், யார் ஓட்டினாலும்.

தங்கவேல்: கோகுல் எதில் வருவான்?

செல்வராஜ்: இன்னோவாவில். சீர்த்தட்டோடு.

சரவணன் ஜெர்மனி: 😂😂😂

கோகுல்: பின் சீட்டில் ஓரமாக உட்கார்ந்துகொள்கிறேனே

கவிதா: நான் கால் நீட்ட வேண்டும்

சுலோச்சனா: எல்லாம் இருக்கட்டும். வளையல் யார் வாங்கினீர்கள்?

சுலோச்சனா: யாராவது சொல்லுங்கள்

சுலோச்சனா: அண்ணா?