பதட்டமா, பதற்றமா: இன்னும் எத்தனை முறை சொல்வது?

றகரதாசன்:
"பதட்டம்தான் உயிருள்ள சொல், பதற்றம் பண்டிதர்கள் ஒட்டவைத்தது" என்று நேற்று ஒருவர் எழுதிவிட்டுப் போயிருக்கிறார். படித்ததிலிருந்து தூக்கம் போச்சு. பதறு, பதற்றம். சீறு, சீற்றம். தடுமாறு, தடுமாற்றம். ட்ட வர வேண்டுமானால் ஆடு, ஓடு மாதிரி 'பதடு' என்று ஒரு வினை வேண்டும். உங்களில் யாராவது இதுவரை பதடியிருக்கிறீர்களா?

சாய்வுநாற்காலி:
எழுதியது நான்தான். தேர்வறை வாசலில் உள்ளங்கை வியர்த்து நிற்கிறவன் "பதட்டமா இருக்கு" என்றுதான் சொல்கிறான். அவனிடம் போய் வினைப்பகுதி கேளுங்கள்.

றகரதாசன்:
அவன் பேசட்டும், யார் தடுத்தது? நேத்து என்று பேசுகிறோம், நேற்று என்றுதானே எழுதுகிறோம்?

சாய்வுநாற்காலி:
நீங்களே மாட்டிக்கொண்டீர்கள். நேற்று நேத்து ஆகிறது, காற்று காத்து ஆகிறது. அந்தக் கணக்கில் பதற்றம் 'பதத்தம்' அல்லவா ஆகியிருக்க வேண்டும்? ட்ட எங்கிருந்து வந்தது?

றகரதாசன்:
பதறு. பதற்றம். இதற்கு மேல் என்ன வேண்டும்?

நடுவிலொருவன்:
எழுத்து கிடக்கட்டும், பொருளைப் பற்றி யாருமே பேசவில்லையே. படபடப்பு நெஞ்சில் தெரியும். பதற்றம் என்பது என்ன ஆகுமோ என்று நிலைகொள்ளாமல் இருப்பது. அது ஊருக்கே கூட வரும். தேர்தல் நேரத்தில் "பதற்றமான வாக்குச்சாவடி" என்று செய்தி போடுகிறார்கள். வாக்குச்சாவடிக்கு எங்கே நெஞ்சு படபடக்கும்?

றகரதாசன்:
பார்த்தீர்களா, அங்கேயும் ற்ற!

நடுவிலொருவன்:
நான் அதையா சொன்னேன்?

பனைநிழல்:
யாழ்ப்பாணத்தில் நாங்கள் ற்ற சொல்வதைக் கேட்டால் உங்கள் காதுக்கு ஏறக்குறைய ட்ட மாதிரித்தான் விழும். அதையும் கொஞ்சம் யோசியுங்கள்.

றகரதாசன்:
காதில் எப்படியும் விழட்டும். எழுதுவது கை.

சாய்வுநாற்காலி:
அந்தக் கைதான் போன மாதம் "முயற்சிக்கிறேன்" என்று எழுதியது. முயல்கிறேன் என்று திருத்தினேன். அன்றிலிருந்து ஐயாவுக்கு என்மேல் காட்டம்.

றகரதாசன்:
அது தட்டச்சுப் பிழை! மூன்று முறை சொல்லியாகிவிட்டது.

சாய்வுநாற்காலி:
ற், சி, க் என்று தானாக வந்து உட்கார்ந்த தட்டச்சுப் பிழை. சரி, 'பதடு' இல்லாவிட்டால் என்ன, 'பதடி' இருக்கிறதே. குறள் 196 பாருங்கள். பயனில்லாத சொல்லைப் பாராட்டுகிறவனை மனிதன் என்று சொல்லாதே, மக்கட் பதடி என்று சொல் என்கிறார் வள்ளுவர்.

றகரதாசன்:
என்னைப் பதர் என்கிறீர்களா? வாதம் தீர்ந்துபோனால் வசவு. எதிர்பார்த்ததுதான். இப்போதும் கேட்கிறேன், பதடு என்று ஒரு வினை உண்டா?

சாய்வுநாற்காலி:
பதத்தம் ஏன் இல்லை? அதற்கு முதலில் பதில்.

பனைநிழல்:
பதறாத காரியம் சிதறாது, ஐயாமாரே.

றகரதாசன்:
பதறாத! றகரம்! நன்றி பனைநிழல், என் பக்கம் வந்ததற்கு.

பனைநிழல்:
நான் எந்தப் பக்கமும் வரவில்லை.

புதுவரவு:
குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். படபடப்பு என்பதைச் சேர்த்து எழுதுவதா, பிரித்து எழுதுவதா?

றகரதாசன்:
வரிசையில் நில்லுங்கள். முதலில் பதற்றம். பதறு என்ற வினையிலிருந்து...