தை 1 அன்றேயா, ஞாயிற்றுக்கிழமையா? சங்கத்தின் 2027 பொங்கல் விழா பற்றி உங்கள் கருத்து

செம்பூர்வாசி:
மும்பையில் இருக்கிற நம்ம தமிழ்ச் சங்கத்தின் போன வாரச் செயற்குழுவில் தேதி முடிவாகாததால் இங்கே கேட்கிறேன். 2027ல் தை 1 ஜனவரி 15, வெள்ளிக்கிழமை. மகாராஷ்டிராவில் சங்கராந்திக்கு அரசு விடுமுறை கிடையாது. 17ஆம் தேதி ஞாயிற்றுக்கிழமை செம்பூரில் நானூறு பேருக்கு ஹால் எடுத்து, காலை பத்து மணிக்கு ஆரம்பித்து, மதியம் இலை போட்டுச் சாப்பாடு, சாயங்காலம் குழந்தைகள் நிகழ்ச்சி என்று வைக்கலாம் என்பது ஒரு தரப்பு. வெள்ளிக்கிழமை விடியற்காலை தெருவிலேயே பானை வைக்கணும் என்பது இன்னொரு தரப்பு.

நான் ஞாயிறு பக்கம். டோம்பிவ்லி, நேருல், முலுண்ட் என்று சிதறிக் கிடக்கிற நம்ம ஆட்கள் வேலைநாளில் குடும்பத்தோடு வர முடியாது. 2026ல் தை 1 அன்னிக்கே நல்ல கூட்டம் வந்ததே என்று சிலர் சொல்றாங்க. அன்னிக்கு மும்பை மாநகராட்சித் தேர்தல். ஊர் முழுக்க விடுமுறை. அதை வைத்து 2027க்குக் கணக்குப் போட முடியாது.

கோலிவாடா அக்கா:
தம்பி, முதலில் இந்த விழாவை யாருக்காக வைக்கிறோம் என்று சொல்லுங்க. லீவும் வசதியும் இருக்கிறவங்க ஊருக்குப் போயிடறாங்க. ரயில் முன்பதிவு இப்போ 60 நாளுக்கு முன்னாடிதான் திறக்குது. நவம்பர் நடுவில் நாகர்கோவில் எக்ஸ்பிரஸ், தாதர்–திருநெல்வேலி வண்டி எல்லாம் கண்மூடித் திறக்கிறதுக்குள்ள காத்திருப்புப் பட்டியலுக்குப் போயிடும். மிச்சம் இங்கே இருக்கிறது யார்? லீவு கிடைக்காத நர்ஸ், டிபன் கடையில் மாவு ஆட்டுறவர், நாலு வீட்டில் பாத்திரம் தேய்க்கிற பெண்கள், டிக்கெட்டுக்குக் காசு சேராத குடும்பம். தை பிறக்கிற அன்னிக்கு ஊர் ஞாபகம் வந்து நெஞ்சு அடைக்கிறது அவங்களுக்குத்தான்.

ஞாயிறு என்றால் எல்லாருக்கும் ஓய்வு என்று யார் சொன்னது? டிபன் கடைக்காரருக்கு வாரத்திலேயே அதிக வேலை அன்னிக்குத்தான். ஆபீஸ் வேலைக்காரங்க காலண்டரை எல்லார் சுவரிலும் மாட்டாதீங்க.

மாட்டுங்கா மாமா:
அக்கா சொல்றது சரி. நேரத்தைப் பற்றி ஒரு விஷயம் சேர்க்கிறேன். ஜனவரி நடுவில் சென்னையில் சூரியன் உதிக்கிறது 6.35 வாக்கில். மும்பையில் 7.15 ஆயிடும். நம்ம ஆட்கள் ஊர் நாள்காட்டியைப் பார்த்து ஆறரைக்கே அடுப்பு மூட்டி, இருட்டில் பொங்கவிட்டு, சூரியனே இல்லாமல் படைக்கிறாங்க. இங்கே 6.45க்கு அடுப்பு மூட்டினால் சூரியன் வரும்போது பால் பொங்கும். எட்டு மணிக்குப் படையல் முடிந்து, 8.40 லோக்கலைப் பிடிக்கலாம். ஒலிபெருக்கி இரவு 10 முதல் காலை 6 வரை கூடாது. நமக்கு அந்தத் தொல்லையும் இல்லை.

இன்னொன்று. ஜனவரி மூன்றாவது ஞாயிறுதான் வழக்கமாக மும்பை மாரத்தான். தெற்கு மும்பையிலிருந்து மாஹிம், வொர்லி வரை பாதி ரோட்டை மூடிடுவாங்க. அந்தப் பக்கத்து ஜனங்கள் காலையில் எப்படிச் செம்பூர் வருவாங்க?

டோம்பிவ்லி பயணி:
மாரத்தானை விடுங்க, தண்டவாள வேலைக்காக லோக்கல் ரயிலை நிறுத்துகிற மெகா பிளாக்கை யாரும் பேசலையே. ஞாயிற்றுக்கிழமை பெரும்பாலும் காலை 11லிருந்து மாலை 4 வரை மெயின் லைனிலோ ஹார்பர் லைனிலோ வேலை நடக்கும். எந்தப் பகுதி என்று வெள்ளி, சனியில்தான் தெரியும். உங்க திட்டப்படி பந்தி நடக்கிற நேரம் அப்படியே பிளாக் நேரம். குர்லாவில் இறங்கி, ஹார்பர் ஓடாமல், கைக்குழந்தையோடு ரிக்‌ஷாவுக்கு வரிசையில் நிற்கிறது எப்படி இருக்கும் என்று எங்களுக்குத் தெரியும்.

அதுக்காக வெள்ளிக்கிழமையையும் ஒத்துக்க மாட்டேன். 6.45க்குச் செம்பூரில் அடுப்பு மூட்டணும் என்றால் டோம்பிவ்லியில் ஐந்து மணிக்கு வண்டி ஏறணும். திரும்பி வரும்போது வேலைநாள் நெரிசல். இரண்டு தேதியும் செம்பூர், சயான்காரங்களுக்குத்தான் சௌகரியம். விழா ஒரே இடத்தில்தான் நடக்கணுமா? எங்க பகுதியிலேயே பானை வைக்கச் சங்கம் அரிசி, வெல்லம், கரும்பு கொடுத்தால் நாங்களே நடத்திக்குவோம்.

நேருல் இளையவன்:
தேதியை விட எனக்கு இடம்தான் கவலை. மூன்று வருஷமா வாலண்டியர் குழுவில் இருக்கேன். தெருவில் விறகு அடுப்பு என்றால் வார்டு ஆபீஸ், போலீஸ் ஸ்டேஷன், டிராபிக் போலீஸ், தீயணைப்புத் துறை என்று நாலு இடத்தில் அனுமதி வாங்கணும். 2025 ஜனவரியில் பம்பாய் உயர்நீதிமன்றம் விறகு, கரி அடுப்பு வைத்திருக்கிற பேக்கரிகளையே ஆறு மாதத்தில் மாறச் சொன்னது. புகையைப் பற்றி ஊரே பேசிட்டிருக்கும்போது நாற்பது அடுப்புக்கு யார் கையெழுத்துப் போடுவாங்க?

கூட்டத்தையும் லேசாக எடுத்துக்காதீங்க. 2017 செப்டம்பர் 29 எல்பின்ஸ்டன் ரோடு ரயில் நிலைய நடைமேம்பாலத்தில் மழைக்கு ஒதுங்கின கூட்டத்தில் 23 பேர் செத்தாங்க. குறுகலான படிக்கட்டு, இரண்டு பக்கமும் நெருக்கல். 2025 ஜூன் 4 பெங்களூரு சின்னசாமி மைதான வாசலில் 11 பேர். எத்தனை பேர் வருவாங்க என்று தெரியாத இடத்துக்கு எல்லாரையும் வாங்க வாங்க என்று கூப்பிடறதுதான் ஆபத்து. ஹாலில் தலை எண்ணி உள்ளே விடலாம். தெருவில் முடியாது.

தாராவி மகள்:
நேருல் தம்பிக்கு: எங்க 90 அடி ரோட்டில் வருஷா வருஷம் பொங்கல் அன்னிக்குப் பெண்கள் வரிசையாகப் பானை வைக்கிறாங்க. பத்திரிகையில் படம் பார்த்திருப்பீங்க. அது தானாக நடக்கிற மாதிரி தெரியும், ஆனா ஒவ்வொன்றுக்கும் முறை இருக்கு.

அடுப்பு எல்லாம் ரோட்டின் ஒரே பக்கம், ஒரே வரிசை. ஒரு அடுப்புக்கு மூணு செங்கல், அடியில் மணல், அதனால் தார் உருகாது. இரண்டு அடுப்புக்கு நடுவில் ஒரு ஆள் பானையோடு திரும்புகிற அளவு இடைவெளி. நாலு அடுப்புக்கு ஒரு வாளித் தண்ணீர், ஒரு வாளி மணல். மறுபக்கம் முழுக்கக் காலி, ஆம்புலன்ஸ் வந்தால் நிற்காமல் போகும். பானைக்கு எதிரே நிற்கிறவங்க பருத்திப் புடவை, முந்தானையை இடுப்பில் சொருகியிருக்கணும். நைலான் கட்டிக்கிட்டு வந்தால் பெரியம்மாக்கள் பின்னாடி அனுப்பிடுவாங்க, தயவு தாட்சண்யம் கிடையாது. குழந்தைகள் கரும்போடு சுவர் ஓரம். திருநெல்வேலிப் பக்கத்துக் குடும்பங்கள் பனை ஓலையைத்தான் எரிக்கும். அது குப்பென்று பிடிக்கும், அதனால் ஓலையைச் சின்னதாக நறுக்கி, கை எட்டாத தூரத்தில் அடுக்கி வைக்கணும். இதெல்லாம் எங்க அம்மாக்கள் கண்ணால் பார்த்துச் செய்கிறது. நீங்க எழுதி ஒட்டினால் போதும்.

உங்க ஹாலில் என்ன வழி? எல்லா ஹாலிலும் உள்ளே தீ கூடாது என்று ரசீதின் பின்பக்கமே போட்டிருக்கும். மேடையில் மின்சார அடுப்பை வைத்து ஒரு குக்கரைப் பொங்கவிட்டுக் கை தட்டுவீங்க. அதை என் பொண்ணுக்குப் பொங்கல் என்று காட்ட எனக்கு மனசு வராது.

அணுசக்தி நகர் அம்மா:
எல்லாரும் பேசியாச்சு. வெள்ளிக்கிழமை அடுப்புக்கு முன்னாடி நிற்கப் போறது யார்? நான் நாலு மணிக்கு எழுந்து வாசல் தெளித்து, வீட்டில் பொங்கல் வைத்து, ஏழு மணிக்குள் பையனை ஸ்கூலுக்கு அனுப்பணும். அன்னிக்கு லீவு கிடையாது. அதுக்கு நடுவில் 6.45க்குச் சங்கத்துப் பானையும் கிளறணும் என்றால் ஒரே காலையில் இரண்டு சமையல். முடிந்ததும் ஆபீஸ். ஆண்கள் வேட்டியில் வந்து படம் எடுத்துக்கிட்டு 8.40 லோக்கலைப் பிடிச்சிடுவீங்க, பானையைத் தேய்க்கிறது நாங்க. ஞாயிறு என்றால் வெள்ளிக்கிழமை வீட்டில் நிம்மதியாகச் சாமி கும்பிட்டுட்டு, ஞாயிறு கால் நீட்டி உட்கார்ந்து சாப்பிடுவேன். எனக்கு அந்த ஒரு இலைச் சாப்பாடு வேணும்.

கோலிவாடா அக்கா:
//ஒரே காலையில் இரண்டு சமையல்//

இது நியாயமான கேள்வி. இதுக்குப் பதில் சொல்லாமல் வெள்ளிக்கிழமையைக் கேட்க எனக்கு உரிமை இல்லை.

சங்கத்துப் பானை என்று ஒன்று இருக்கவே கூடாது. அவங்கவங்க வீட்டுப் பானையை எடுத்துக்கிட்டு வந்து தெருவில் வைக்கணும். வீட்டில் வைக்கிற பொங்கல் அதுதான், வேற கிடையாது. சூரியனுக்கு அங்கேயே படைத்து, பானையோடு வீட்டுக்குப் போயிடலாம். நம்மில் பாதிப் பேர் ‘சால்’ என்கிற வரிசை வீடுகளிலும் ஒற்றை அறையிலும் இருக்கோம். வாசல் என்பது நாலு பேர் நடக்கிற வராந்தா. சூரியனைப் பார்த்துப் பானை வைக்க இடம் ஏது? அவங்களுக்குத் தெருதான் முற்றம். உங்களுக்குக் குவார்ட்டர்ஸில் பால்கனி இருந்தால் வீட்டிலேயே வைங்க, வரணும் என்று கட்டாயம் இல்லை. கிளறுகிற வேலை பெண்களுக்கு மட்டும் என்று யாரும் எழுதி வைக்கலை. வேட்டி கட்டின கை கரண்டி பிடிக்கட்டும், பானையும் தேய்க்கட்டும். இதை அறிவிப்பிலேயே போடணும்.

செம்பூர்வாசி:
//சங்கத்துப் பானை என்று ஒன்று இருக்கவே கூடாது//

அப்போ சங்கம் எதுக்கு? நன்கொடை கொடுக்கிறவங்க மேடை, பேனர், குழந்தைகள் நிகழ்ச்சி கேட்கிறாங்க. அந்தக் காசில்தான் ஜூன் மாதம் படிப்பு உதவி கொடுக்கிறோம். ஐம்பது குடும்பம் அவங்கவங்க பானையோடு வந்து போனால் நன்கொடை எங்கிருந்து வரும்? இதை மனசில் வைங்க. நான் ஹாலைக் கேட்கிறது சொகுசுக்காக இல்லை.

மாட்டுங்கா மாமா:
படிப்பு உதவி முக்கியம், மறுக்கலை. அதுக்குத் தனியாக ஒரு நாள் ஏப்ரலில் நிகழ்ச்சி வையுங்கள், சித்திரை 1 இருக்கே. அன்னிக்கு அம்பேத்கர் ஜயந்தியும் சேர்ந்து விடுமுறை. மேடை, பேனர், விருந்தினர் எல்லாம் அங்கே போகட்டும். பொங்கலன்னிக்குப் பேச்சாளர் வந்து நாற்பது நிமிஷம் பேச, குழந்தைகள் மேக்கப்போடு பசியில் காத்துக்கிடக்கிறது போதும்.

ஹாலில் பந்தியையும் யோசிங்க. நானூறு பேர் என்கிறீங்க. நூறு இலை போடுகிற சாப்பாட்டு அறை என்றால் நாலு பந்தி. இலை எடுத்து, துடைத்து, மறுபடி போட ஒரு பந்திக்கு நாற்பது நிமிஷம். கடைசிப் பந்திக்காரர் சாப்பிடும்போது மணி மூன்றைத் தாண்டிடும். மஞ்சள் கொத்தும் கரும்பும் தை 1க்கு முன்னாடி ஊரிலிருந்து வந்து மாட்டுங்கா மார்க்கெட்டில் இறங்கும். ஞாயிற்றுக்கிழமைக்கு வாடினதுதான் மிச்சம்.

டோம்பிவ்லி பயணி:
சித்திரை யோசனை நல்லா இருக்கு. எங்க பகுதிப் பானை பற்றி யாரும் பதில் சொல்லலை.

தாராவி மகள்:
அண்ணே, வைங்க. எத்தனை குடும்பம் என்று டிசம்பர் முதல் வாரம் சொல்லுங்க. பானை மொத்தமாக எங்க தாராவிக் குயவர் குடியிருப்பு கும்பார்வாடாவில் நான் எடுத்துத் தர்றேன். மண்பானையை முந்தின நாளே தண்ணீரில் ஊறப்போடச் சொல்லுங்க, இல்லேன்னா தீயில் விரிசல் விடும்.

நேருல் இளையவன்:
தாராவி அக்கா சொன்ன அடுப்பு முறையை அப்படியே விண்ணப்பத்தோடு வரைபடமாக இணைக்கலாம். ஆனா பொது ரோடு வேண்டாம் என்பதில் நான் உறுதி. வெளியேற இரண்டு கேட் இருக்கிற சொசைட்டி மைதானமோ கோயில் வெளிமுற்றமோ பாருங்க. பக்கத்தில் ஆஸ்பத்திரியோ ஸ்கூலோ நூறு மீட்டருக்குள் இருந்தால் அமைதி மண்டலமாக அறிவித்திருக்கலாம், அப்படி என்றால் மைக்கே கூடாது. பானையை முன்கூட்டிப் பதியணும், நாற்பதுக்கு மேல் ஒன்று கூட ஏற்கக் கூடாது. இதுக்கு ஒத்துக்கிட்டால் அனுமதி வேலையை நான் எடுத்துக்கறேன், வெள்ளிக்கிழமையாக இருந்தாலும்.

அணுசக்தி நகர் அம்மா:
பானை தேய்க்கிறவங்க பெயர்ப் பட்டியலை முதலில் போடுங்க, ஆண்கள் பெயர். அப்புறம் ஓட்டைப் பற்றிப் பேசறேன்.

மாட்டுங்கா மாமா:
முதல் பெயர் என்னுடையது.

செம்பூர்வாசி:
ஹாலுக்கு முன்பணம் இன்னும் கட்டலை. செயற்குழு ஓட்டெடுப்பு வரை கட்டவும் மாட்டேன். ஆனா அதுவரை ஹால்காரர் காத்திருப்பார் என்று உறுதி சொல்ல முடியாது. என் ஓட்டு இப்பவும் ஞாயிறுதான், நன்கொடைக்குச் சித்திரையில் வழி இருக்கா என்று பொருளாளர் கணக்கைக் காட்டட்டும். நேருல் தம்பி, இரண்டு கேட் உள்ள மூணு மைதானத்தின் பெயரையாவது சொல்லுங்க, நேரில் போய்ப் பார்த்துட்டு வந்து எழுதறேன்.