ஃபாக் லைட் ஒயரிங்: உப்புக்காற்றில் யாருக்கு எது தாக்குப்பிடித்தது?

மண்டபம், மீன்வண்டி:
எனக்குக் குட்டியானை வண்டி. அதிகாலை மூன்று மணிக்கு மீன்பெட்டி ஏற்றி மதுரைக்குக் கிளம்ப வேண்டும். மார்கழியில் பரமக்குடி நெருங்கும்போது வயக்காட்டுப் பனி ரோட்டில் இறங்கி நிற்கும், ஹெட்லைட் போட்டால் கண்ணே கூசும். அதனால் 55 வாட் ஃபாக் லைட் இரண்டு வாங்கி நானே மாட்டினேன்.

முதலில் பார்க்கிங் லைட் ஒயரில் கரண்ட் எடுத்து ஒரு சுவிட்ச் வழியாக நேராகக் கொடுத்தேன். அரை மணி நேர வேலை. 110 வாட்டுக்கு 12 வோல்ட்டில் 9 ஆம்பியருக்கு மேல் இழுக்கும் என்று அப்போது யார் கணக்குப் போட்டார்கள்? ஃபியூஸ் போனது. அதைவிடப் பெரிதாக ஒன்றைப் போட்ட புத்திசாலியும் நானேதான். நாலாம் வாரம் சத்திரக்குடி தாண்டும்போது கருகல் வாடை. சுவிட்சின் பின்பக்கம் மெழுகு மாதிரி உருகியிருந்தது.

அப்புறம் ரிலே வைத்தேன், அதாவது சுவிட்சில் கொஞ்சம் கரண்ட் மட்டும் ஓடி, லைட்டின் பெரிய கரண்டைத் தானே இணைத்துவிடும் பெட்டி. பேட்டரியிலிருந்து ஒரு சாண் தூரத்தில் 15 ஆம்பியர் ஃபியூஸ், அங்கிருந்து ரிலேயின் 30-ம் எண் காலுக்கு. 87-லிருந்து லைட்டுக்கு, 86 சுவிட்சுக்கு, 85 எர்த், அதாவது வண்டியின் இரும்பு பாடிக்கு. ஒயர் 2.5 ஸ்கொயர் மி.மீ. தடிமன். வெளிச்சம் பிரமாதம். ஆனால் எட்டே மாதத்தில் இடது லைட் கஞ்சித்தண்ணி நிறத்துக்கு வந்துவிட்டது. மீட்டர் வைத்தால் பேட்டரியில் 12.4 வோல்ட், லைட்டில் 10.6. இன்சுலேஷன் டேப்பைப் பிரித்தேன், செம்பு பச்சை பூத்திருந்தது. மேலுறையைச் சீவச் சீவ உள்ளே அரை அடிக்குக் கருப்பு. பெட்டியிலிருந்து சொட்டும் ஐஸ் தண்ணீரும் கடல் காற்றும் சேர்ந்து தின்றுவிட்டன. ரிலே மட்டும் நன்றாகத்தான் இருந்தது.

கீழக்கரை, கார்:
காக்கா (எங்கள் ஊரில் அண்ணனை இப்படித்தான் கூப்பிடுவோம்), எனக்கும் இதே கதை, வழிதான் வேறு. நான் ரெடிமேட் செட் வாங்கினேன். ரிலே, ஃபியூஸ், சுவிட்ச் எல்லாம் கோத்தே வரும், சாக்கெட்டில் சொருகினால் போதும். ஒயர் வெளியே தடிமனாகத் தெரியும், வெட்டிப் பார்த்தால் உள்ளே நூல் மாதிரி செம்பு. அதைக்கூடப் பொறுத்துக்கொண்டேன். ஸ்பீடு பிரேக்கர் ஏறும்போதெல்லாம் ஒரு லைட் கண்ணடித்ததுதான் தாங்கவில்லை. தேடினால் எர்த் வளையம் பெயிண்ட் மேலேயே முறுக்கியிருக்கிறது. இரும்பு தெரியச் சுரண்டி, போல்ட்டை இறுக்கி, மேலே வாசலின் அப்பினேன். அதற்கப்புறம் தொல்லை இல்லை.

ராமேஸ்வரம், சுற்றுலா வேன்:
நான் எல்இடி போட்டேன், ஒன்று 20 வாட். இரண்டும் சேர்த்தே மூன்றரை ஆம்பியர்கூட வராது. அதனால் ஒயர் சூடாகும் பயம் போயிற்று. ஆனால் கண்ணாடிக்குள் ஆவி கோத்தது. சிலிகான் பூசி எல்லா ஓட்டையையும் அடைத்தேன், தண்ணீர் உள்ளேயே சிறைப்பட்டு நிலைமை இன்னும் மோசம். கீழே மூச்சு விடும் துளை ஒன்று உண்டு, அதை அடைக்கக்கூடாதாம். 2017-ல் தனுஷ்கோடி அரிச்சல்முனை வரை ரோடு வந்ததிலிருந்து தினமும் அங்கேதான் சவாரி. இருட்டிய பிறகு விடமாட்டார்கள், லைட் போட வேலையே இல்லாத ரோடு. ஆனால் லைட்டைக் கெடுப்பது அந்த ரோட்டு மணலும் சாரலும்தான்! இன்னொன்று, லைட்டைக் கீழ்நோக்கித் திருப்பி வையுங்கள். பாம்பன் பாலத்தில் எதிரே வந்தவரிடம் நான் வாங்கிய திட்டு போதும்.

தொண்டி, படகு எலக்ட்ரிக் வேலை:
அண்ணே, படகில் நாங்கள் சாதாரணச் செம்பு ஒயர் போடுவதில்லை. வெள்ளீயம் பூசிய ஒயர் இருக்கிறது, உறையைச் சீவினால் வெள்ளி மாதிரி மின்னும், சீக்கிரம் பச்சை பூக்காது. ஜாயின்ட்டை முறுக்கி டேப் சுற்றினால் வெயிலில் பசை இளகிவிடும். ஒயர் முனையில் லக் என்கிற உலோக முனையை வைத்து நசுக்கிக் கிரிம்ப் பண்ணி, உள்ளே பசையுள்ள ஹீட் ஷ்ரிங்க் குழாயை மேலே மாட்டிச் சூடு காட்டிச் சுருக்குங்கள். ஈயப் பற்றவைப்பு வேண்டாம், பற்றவைத்த இடம் விறைத்து அதிர்வில் ஒடிகிறது. லைட்டுக்கு முன்னால் ஒயரைக் கொஞ்சம் தொங்கலாக விட்டால், வழியும் தண்ணீர் அந்த வளைவிலேயே சொட்டிவிடும்.

மண்டபம், மீன்வண்டி:
தம்பி, அந்த ஒயர் எங்கே கிடைக்கும்? ரிலேயைக் கழற்றாமல் மற்றதெல்லாம் மாற்றிவிடுகிறேன்.

தொண்டி, படகு எலக்ட்ரிக் வேலை:
படகுச் சாமான் கடையில் கேளுங்கள், மீட்டர் கணக்கில் தருவார்கள். ரிலேயையும் ஒரு தடவை கழற்றித்தான் ஆக வேண்டும் அண்ணே, ஒயர் சொருகும் கால்கள் உள்ள பக்கம் கீழே பார்க்க மாட்டுங்கள். மேலே பார்த்தால் தண்ணீர் தங்கிவிடும்.